வைக்கோல் காளான்

லூப்ளின் மருத்துவமனையிலிருந்து அழைத்தபோது
மணி மூன்று ஐந்து.
மணிக்கு எண்பது ஸ்வோட்டி, இரவென்றால் ஒன்றரை மடங்கு.
தூக்கச் சட்டைக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

வியட்நாமியத்தில் வாங்கிப் போலிஷில் விற்பது என் பிழைப்பு.
எடை கொஞ்சம் குறையும்.
யாரும் தராசு கொண்டுவருவதில்லை.

கட்டிலில் நியான் அக்கா,
சந்தையில் காலுறை விற்பவள்.
வாந்தி நின்றுவிட்டது, இப்போது தேவலாம்,
வீட்டுக்கு விடச் சொல் என்றாள்.
அந்தத் 'தேவலாம்'
என் வாயிலிருந்து முழுதாக வெளியே வருமுன்பே
மருத்துவரின் முகம் கறுத்தது.

என்ன சாப்பிட்டாள், கேள்.
கேட்டேன்.

வைக்கோல் காளான்.
அறுப்பு முடிந்தபின் போரடியில் முளைக்குமே,
முட்டை உடைத்துத் தலை நீட்டுமே, அது.
இங்கே ஏரிக்கரை ஓக் மரத்தடியில் கிடைத்தது.
இஞ்சி போட்டு சூப் வைத்தேன்.

சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்தேன்:
வைக்கோலே இல்லாத இடத்தில்
வைக்கோல் காளான்.

ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் யாக்னா திரும்பினாள்.
ஓக் மரத்தடியா? பச்சை வாத்துக்குஞ்சாக இருக்கும்,
எங்கள் வீட்டில் ஊறுகாயே போடுவோம்.
அதையும் பெயர்த்தேன்.
வாத்தா, என்றாள் நியான் அக்கா,
சனிக்கிழமையிலிருந்து நான் கறியே தொடவில்லையே.
மூவரும் சிரித்துவிட்டோம்.
அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நான்கு மணிக்குக் காளான் பரிசோதகர் வந்தார்,
ஹால்ஷ்கா ஒலேண்டெர்,
சேறு காயாத ரப்பர் பூட்ஸ், கையில் நுண்ணோக்கிப் பெட்டி.
எந்த ஊரில் எதற்கு என்ன பெயரென்று
அவர் யாரையும் கேட்கவில்லை.
குப்பைக்கூடை எங்கே, என்றார்.
அறைத்தோழி டாக்ஸியில் கொண்டுவந்தாள்:
இஞ்சித் தோல், முட்டை ஓடு,
அடி பருத்த வெள்ளைத் தண்டுகள் நாலைந்து,
அவற்றில் கிழிந்த பை ஒட்டியிருந்தது.
வாந்திக் கிண்ணத்திலிருந்து ஒரு துளி,
அதன்மேல் அயோடின் ஒரு துளி.
கண்ணை எடுக்காமல் காத்திருந்தார்.
நீலமாகிவிட்டது, என்றார்.
பிறகு அந்த இரண்டு சொற்கள்:

அமனிட்டா ஃபல்லோய்டிஸ்.

எந்த அடுப்படியிலும் புழங்காத பெயர்.
அதைச் சொல்லி யாரும் பிள்ளையைத் தாலாட்டியதில்லை,
யாரும் யாரையும் திட்டியதில்லை.
மருத்துவருக்குப் புரிந்தது.
தொலைபேசியின் மறுமுனையில்
பெர்லினில் மருந்துக் கிடங்கில் விழித்திருந்தவனுக்குப் புரிந்தது.
அவன் பதிலுக்கு ஒரு பெயர் சொன்னான், சிலிபும் மரியானம்,
ஏதோ முட்செடியாம், அதன் விதைச் சத்து,
ஆறு குப்பி காலை விமானத்தில்.
நான் தேவைப்படாமலே
உலகம் மூன்று நிமிடம் பேசிக்கொண்டது.

என் முழங்கையைப் பிடித்தாள் நியான் அக்கா.
என்ன சொல்கிறார்கள்?

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
வந்த சொல்லை வந்தபடியே கொடுத்தேன்.
அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.
எங்கள் மொழியின் ஏற்ற இறக்கம் அதன்மேல் ஏறியதும்
யாரோ பெண்ணைக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
நல்ல பெயர், என்றாள். யார் அது?

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதற்குத்தான் கூலி.

வெகுநேரம் சும்மா இருந்தாள்.
ருசியாக இருந்தது,
அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடு.
சொன்னேன்.
மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார்.
கண்ணாடித் தகட்டைக் கழுவியபடியே ஹால்ஷ்கா
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், என்றார்.

விடிந்தபின் பில் எழுதினேன்.
எந்த மொழியிலிருந்து, எந்த மொழிக்கு:
கட்டம் இரண்டுதான்.
ஐந்து மணி நேரம் என்று போட்டேன்,
பிறகு அடித்து நாலே முக்கால் ஆக்கினேன்.

வெள்ளிக்கிழமை வரை வேறு அழைப்பு இல்லை.
ஒரு நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாமல் போவதற்கு
இரண்டு காரணங்கள் இருக்கலாம்.
போன் செய்து எதுவென்று கேட்கலாம்தான்.
எண் என்னிடம் இருக்கிறது.